பழைய கோச் இனி ஓடாது

ரோல்ஸ் சுற்றிக்கொண்டு நின்றபோதுதான் அந்தச் செய்தி வந்தது.

சனிக்கிழமை காலை. அடுத்த நாள் பயிற்சிக்கு வரும் பெடியளுக்கு வழமைபோல நாற்பது ரோல்ஸ். வெம்பிளியில் எங்கள் சமையலறையில் ஒருவர் நின்றால் மற்றவர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். இரண்டு கையிலும் முட்டையும் ரஸ்க் தூளும் அப்பியிருந்தன. ஜன்னல் கண்ணாடியில் எண்ணெய்ப் புகை படிந்து, வெளியே மழையா வெயிலா என்று தெரியவில்லை. மிளகு மூக்கில் ஏறித் தும்மல் வேறு வந்துகொண்டிருந்தது.

போன் 'டிங்' என்றது. எட்டிப் பார்த்தேன். எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழு. செயலாளர் பாலன் எழுதியிருந்தான்.

"அனைவருக்கும் வணக்கம். இந்த வருடச் சுற்றுப்போட்டிக்குப் புதிய கோச் ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது. விபரம் விரைவில்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கையைக் கழுவக்கூடப் பொறுமை இல்லை. வலது கைச் சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் சுத்தமாக இருந்தது. அந்த ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திப் பதில் எழுதினேன்.

"மிகவும் சந்தோசமான செய்தி தம்பி. பழைய கோச் இனி ஓடாது. மேடு கண்டால் மூச்சு வாங்குது. சத்தம் மட்டும்தான் பெரிசு. பாதி வழியில நிண்டு எங்களை எத்தினை தரம் வெக்கப்பட வைச்சிட்டுது. இந்த முடிவை எப்பவோ எடுத்திருக்க வேணும்."

கீழே இரண்டு கும்பிட்ட கைகளையும் போட்டுவிட்டு ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கினேன்.

நான் எழுதியது பஸ்ஸைப் பற்றி. பாலன் எழுதியது என் புருசனின் இடத்துக்கு வந்த ஆளைப் பற்றி. சொந்த வீட்டுக்கு ஒருத்தி கொள்ளி வைப்பதென்றால் இதைவிடச் சுலபமாக வைக்க முடியாது.

மாஸ்டர்

இந்தத் தொடரை நடுவில் வாசிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. என் கணவர் பெயர் நேசன். ஊரில் எங்கள் கல்லூரியின் இரண்டாம் உதைபந்தாட்ட அணியில் பின்வரிசையில் நின்றவர். லண்டனில் பழைய மாணவர் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் கனடாவுக்குப் போனபோது, "ஆள் கிடைக்கும்வரைக்கும் நான் பாக்கிறன்" என்றார் நேசன். பதினெட்டு வருடம் ஆள் கிடைக்கவில்லை.

கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த கிழமையே ஆசிரியருக்குக் கடிதங்கள் வந்து குவியும், முக்கால்வாசி நாங்கள் தோற்ற ஆட்டங்களைப் பற்றியதாக இருக்கும். அது ஆண்கள் கல்லூரி என்பதை மட்டும் சொல்லலாம். நான் அங்கே ஒரு நாளும் படித்ததில்லை. ஆனாலும் 'எங்கட கல்லூரி' என்றுதான் சொல்வேன். அது எப்படி என்று யாராவது கேட்டால் சண்டைக்குப் போவேன்.

எனக்கு இந்த விசர் பிடித்த கதை சின்னது. கலியாணம் கட்டி லண்டனில் வந்து இறங்கிய முதல் ஞாயிறு. புருசன் எங்கேயோ கூட்டிப்போகப் போகிறார் என்று புதுச் சேலை கட்டிக்கொண்டு வெளிக்கிட்டு நின்றேன். மனுசன் கூட்டிக்கொண்டு போனது ஒரு கவுன்சில் மைதானத்துக்கு. அப்போது அவரே விளையாடிக்கொண்டிருந்த காலம். ஆலங்கட்டி மழை. சேலை முழங்கால்வரைக்கும் சேறு. என்ன மாதிரியான ஆளிடம் வந்து மாட்டிக்கொண்டேன் என்று பல் கிட்ட நின்றேன்.

கடைசி நிமிடத்தில் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனுசி ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்துக் கத்தினேன். அந்த மனுசிதான் மலர். இன்றைக்கும் என் சிநேகிதி.

அதிலிருந்து கோட்டோரத்தில் நின்று கத்துவது என் வேலையாகிவிட்டது. நேசன் பயிற்சி கொடுக்கிற மாஸ்டரானபிறகு அவரைப் பார்த்தும் கத்தினேன். "அந்தப் பெடியனை மாத்துங்கோ! இன்னும் எத்தினை கோல் வாங்கவேணும் உங்களுக்கு?" அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். வீட்டுக்கு வந்து, "இண்டைக்கு உம்மட தொண்டை நல்லா வேலை செய்தது" என்பார். மைதானம் முழுக்க அது பகிடி, எல்லாரும் சிரிப்பார்கள். அந்தப் பகிடி பிறகு எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தது.

அவர் அணியைத் தெரிவு செய்யும் முறை ஒன்றே ஒன்றுதான். பயிற்சிக்கு வந்தவன் விளையாடுவான். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வராவிட்டால் வெளியே. தொந்தி தள்ளினாலும் ஒழுங்காக வந்தால் உள்ளே. "மழைக்குள்ளை வந்து நிண்டவனை எப்பிடி வெளியில விடுறது?" என்பார். ஞாயிறு விடியத் தன் வான் வண்டியை எடுத்துக்கொண்டு சவுத்தாலில் ஒருவனை ஏற்றி, ஹெய்ஸில் இரண்டு பேரை எழுப்பி ஏற்றி, அவர்களின் தாய்மாரிடம் பேச்சும் வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வருவார்.

கிண்ணம் ஒரு நாளும் வெல்லவில்லை. ஒரே ஒரு முறை இறுதியாட்டம்வரை போய் பெனால்டியில் தோற்றோம். பந்தை வானத்துக்கு அடித்த பெடியனைப் பார்த்து நான் அன்று சொன்னதை ஆசிரியர் அச்சில் போட மாட்டார். நேசன் அவனை வானின் முன்சீற்றில் இருத்தி, வழியில் சிப்ஸ் வாங்கிக் கொடுத்து, ஈஸ்ட்ஹாம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

கோச்சியும் கோச்சும்

பஸ்ஸுக்கு வருகிறேன்.

ஊரில் எங்களுக்குக் கோச்சி என்றால் ரயில். லண்டனுக்கு வந்தபிறகு கோச் என்றால் வாடகைக்குப் பிடிக்கிற பெரிய பஸ். கடற்கரைக்குப் போகக் கோச், வெளியூர்க் கோயிலுக்குப் போகக் கோச், சுற்றுப்போட்டிக்குப் போகக் கோச். சுற்றுப்போட்டி நடக்கும் மைதானம் லண்டனுக்கு வெளியே. அதற்குச் சங்கம் வருடாவருடம் பிடிக்கிற வண்டியில் பின்சீற்றெல்லாம் நாறும், ஏசி சூட்டைத்தான் ஊதும். போன வருடம் மோட்டர்வேயில் நின்றுவிட்டது. ரோல்ஸ் பெட்டிகளோடு புல்லுக்கரையில் குந்தியிருந்துவிட்டு, முதலாவது ஆட்டம் முடியப் போய்ச் சேர்ந்தோம். அந்த வண்டியை மாற்றச் சொல்லிக் குழுவில் எழுதி எழுதி நான் களைத்துப்போயிருந்தேன்.

பயிற்சி கொடுப்பவரை எங்கள் ஆட்கள் கோச் என்று சொல்வதில்லை. மாஸ்டர் என்பார்கள். நேசனை ஒருவராவது கோச் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எழுத்தில் என்றால் பயிற்றுவிப்பாளர். அந்த நீளமான சொல்லைப் போனில் அடிக்கப் பாலனுக்குப் பஞ்சி, சோம்பல். அவன் அந்தப் பஞ்சியைக் கொஞ்சம் பார்க்காமல் விட்டிருந்தால் இந்த அத்தியாயத்தை நான் எழுத வேண்டி வந்திராது.

இலக்கணம் என்றும் ஒன்று இருக்கிறதல்லவா? ஆள் என்றால் 'ஒழுங்கு செய்யப்பட்டுள்ளார்' என்று வர வேண்டும். 'உள்ளது' என்று வந்தால் அது பஸ்தானே? இதை எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருப்பேன். எல்லாரும் சிரித்தார்கள். ஞாயிறு தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு உயர்திணை, அஃறிணை படிப்பிக்கிற மலரும் சிரித்தாள்.

கட்டைவிரல்கள்

முதல் சட்டி ரோல்ஸ் பொரிந்துவரும்போது மலர் கூப்பிட்டாள்.

"சாந்தா, உமக்கென்ன விசரோ? உப்பிடியே பப்ளிக்கா எழுதுறது?"

"நான் என்ன பிழையா எழுதிப்போட்டன்? அந்தப் பழசை இன்னும் எத்தினை வருசத்துக்கு இழுக்கிறது?"

"அந்தப் பழசு ஆரெண்டு உமக்குத் தெரியுமோ?"

"இதென்ன கேள்வி? பஸ்."

"பஸ் இல்லையடியப்பா, நேசன் அண்ணை. அவரை நிப்பாட்டிப்போட்டினம். நிரோஷனெண்டு ஒரு பெடியன் வாறானாம். சேட்டிபிக்கற் எல்லாம் எடுத்தவனாம். என்ரை மனுசன் நேற்றைக்குத்தான் கமிட்டியில கேள்விப்பட்டவர்."

ரோல்ஸ் கருகியதைக்கூட நான் கவனிக்கவில்லை. குழுவைத் திறந்து பார்த்தேன். என் செய்திக்குக் கீழே அறுபத்தெட்டுக் கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது. 'உண்மையைச் சொன்ன அக்காவுக்கு நன்றி.' 'துணிச்சலான பெண்மணி.' 'வீட்டிலேயே தீர்ப்பு வந்தாச்சு' என்று எழுதி ஒருவர் சிரிக்கிற முகமும் போட்டிருந்தார்.

'நான் பஸ்ஸைத்தான் சொன்னேன்' என்று எழுதினேன். உடனே இன்னும் பத்துச் சிரிக்கிற முகம். 'சமாளிக்காதேங்கோ அக்கா' என்று பதில். சரி, அழித்துவிடலாம் என்று செய்தியை அழுத்தினேன். பதற்றத்தில் எதை அழுத்தினேனோ, அது என் போனிலிருந்து மட்டும் அழிந்தது. மற்ற இருநூறு பேரின் போனிலும் பத்திரமாக இருந்தது.

பாலனைக் கூப்பிட்டு வாயில் வந்தபடி பேசினேன். அவன் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம்.

"அக்கா, உங்கட மெசேஜைப் பாத்தாப் பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. பேர் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுவம் எண்டுதான் காலமை போட்டனான். பின்னேரம் நாங்கள் மூண்டு பேர் வீட்டை வந்து அண்ணையோடை கதைக்கிறதெண்டு இருந்தனாங்கள். ஆலோசகரா இருங்கோ எண்டு கேக்கிறதுக்கு. எப்பிடி முகத்தைப் பாக்கிறதெண்டு மூண்டு நாளா நித்திரை இல்லை. பாத்தா நீங்களே சொல்லிப்போட்டியள். வீட்டுக்கை கதைச்சு முடிச்சிட்டியள் எண்டு நினைச்சம். பிறகேன் நாங்கள் வந்து கரைச்சல் தருவான்?"

"கரைச்சல் இல்லை, இப்பவும் வாங்கோ" என்றேன். "சரி அக்கா, பாப்பம்" என்றான். வரவில்லை.

பதினெட்டு வருடத்துக்கு அந்த மனுசனுக்குக் கிடைக்கவிருந்தது அந்த ஒரு பின்னேர மரியாதைதான். மூன்று பேர் வந்து இருந்து, தேத்தண்ணி குடித்து, தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணை, குறை நினைக்காதேங்கோ" என்று சொல்லியிருப்பார்கள். அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

நேசனுக்குச் சவுத்தாலில் ஒரு மொத்தக் கடையில் வேலை. மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தார். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தார். போன் சட்டைப் பொக்கற்றில் இருந்தது.

"இஞ்சருங்கோ, நான் அந்த மெசேஜில..."

"பாத்தனான்" என்றார். "பரவாயில்லை. சாப்பிடுவம்."

அதற்குமேல் வாயைத் திறக்க விடவில்லை. பேச்செடுத்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். மூன்று கிழமை இப்படியே போனது. இந்த மனுசன் நான் அவரை நாலு பேருக்கு முன்னால் தள்ளிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார் என்று நினைக்க, எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாழைப்பழம்

செய்தி வந்த மறுகிழமை ஞாயிறு நான் மட்டும் மைதானத்துக்குப் போனேன். ரசிகை என்று போகவில்லை. அந்த நிரோஷனைக் கண்ணால் பார்த்து வடிவாக வெறுக்க வேண்டும் என்றுதான் போனேன்.

முப்பது வயதிருக்கும். தகப்பன் எங்கள் கல்லூரி, இவன் இங்கே பிறந்தவன். புல்வெளி முழுக்க செம்மஞ்சள் கூம்புகள். கையில் ஒரு டேப்லெட். பெடியள் எல்லாருக்கும் முதுகில் ஒரு சின்னப் பெட்டி வைத்த பெனியன், அது யார் எவ்வளவு ஓடினான் என்று காட்டிக்கொடுக்குமாம். நேசனுக்கு அது தேவைப்பட்டதில்லை. ஒருவன் ஓடவில்லை என்றால், "என்ன தம்பி, ராத்திரி நித்திரை இல்லையோ?" என்று கேட்பார்.

என்னைக் கண்டதும் ஓடிவந்தான். "ஹாய் ஆன்ட்டி! நீங்கதானே சாந்தா ஆன்ட்டி? உங்கட மெசேஜ் பார்த்தேன். தாங்க் யூ ஸோ மச் ஃபோர் த சப்போர்ட்."

சப்போர்ட்! அந்தப் புல்லிலேயே விழுந்து உருள வேண்டும்போல இருந்தது எனக்கு.

ரோல்ஸ் பெட்டியை நீட்டினேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். ஆசைப்பட்டது முகத்தில் தெரிந்தது. "ஸொரி ஆன்ட்டி. மேட்ச் முடியுற வரைக்கும் ஒயில் ஃபூட் வேண்டாம். பனானா ஓகே." நாற்பது ரோல்ஸும் என்னோடு திரும்பி வீட்டுக்கு வந்தன. மூன்று நாள் நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் அதைச் சாப்பிட்டோம்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி. வாய்க்கொழுப்பு இருந்திருக்கலாம், தமிழை மதிக்காதவனாக இருந்திருக்கலாம், கடைசிக்கு வேலையாவது தெரியாதவனாக இருந்திருக்கலாம். ஒன்றும் இல்லை. எங்கள் பெடியள் பந்தைத் தரையோடு தரையாக ஒருவனுக்கொருவன் கொடுத்துக்கொண்டு போனதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

பத்து வருடமாக மழையிலும் பனியிலும் வந்த குகன், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், பட்டியலில் பேர் இல்லாமல் காரில் ஏறிப் போனான். அவன் போனால் அணிக்கு நல்லது என்று கோட்டோரத்தில் நின்று எத்தனை தரம் கத்தியவள் நான். அன்றைக்கு அவனைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

ஒருவராவது "மாஸ்டர் எங்கை?" என்று கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. கேட்டால் எனக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பார்கள். அந்தச் சங்கடத்தையும் நானே உண்டாக்கி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல்தரமாக எங்கள் கல்லூரி தோற்க வேண்டும் என்று கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு வாசல்வரை வந்தேன். திரும்பவும் போய் நின்று, "ஒரு கோலால் தோத்தாக் காணும் அம்மாளாச்சி" என்று கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

ஒப்படைப்பு

சுற்றுப்போட்டிக்கு முந்திய கிழமை பாலன் சாமான் எடுக்க வந்தான். தோட்டத்து ஷெட்டில்தான் எல்லாம் இருந்தது. உடுப்பு, பந்து, வலை, முதலுதவிப் பெட்டி.

நேசன் முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். உடுப்புகளை நம்பர்ப்படி மடித்து அடுக்கியிருந்தார். பாலன் அள்ளிக்கொண்டு ஓடினால் போதும் என்று நின்றான். இவர் விடவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"பதினோராம் நம்பருக்குக் கழுத்துப் பிரிஞ்சது, சாந்தா தைச்சிருக்கிறா. ஆறாம் நம்பர் சின்னன், மெல்லிசான ஆளுக்குக் குடுங்கோ. இந்தப் பந்துக்குக் காத்து நிக்காது, பழகிறதுக்கு மட்டும் எடுங்கோ. வலையில கோலுக்கு இடப்பக்கம் ஒரு ஓட்டை இருக்கு, கட்டேக்கை பாருங்கோ."

"சரி அண்ணை. சரி அண்ணை." பாலனுக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கடைசியில் காரில் ஏறும்போது சொன்னான்: "புது உடுப்பு ஓடர் குடுத்திருக்கு அண்ணை. இதெல்லாம் ஸ்பெயாருக்குத்தான்."

"நல்லது, நல்லது" என்றார் நேசன்.

கார் போய்விட்டது. ஷெட் கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே ஈர நைலோன் நாற்றமும் கால்தைல மணமும்தான் மிச்சம். எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"நான் பஸ்ஸைத்தான் சொன்னனான். அம்மாளாணை பஸ்ஸைத்தான். நீங்கள் என்னை நம்பாட்டிலும் பரவாயில்லை, ஒருக்கா வாயைத் திறந்து பேசிப்போடுங்கோ."

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"வாசிச்ச உடனையே தெரியும். மூச்சு வாங்குது, வெக்கப்பட வைச்சிட்டுது எண்டெல்லாம் எழுதியிருந்தீர். நீர் என்னை எவ்வளவோ பேசியிருக்கிறீர் சாந்தா. ஆனா ஒரு நாளும் அது, இது எண்டு சொன்னதில்லை."

நான் அங்கேயே பூச்சட்டிக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். மூன்று கிழமை நெஞ்சில் கிடந்த பாரம். "அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தனீங்கள்? நான் செத்துக்கொண்டிருந்தனான்."

அவர் ஷெட் கதவின் கொண்டியைப் போட்டார். அது எப்போதும் இறுகும். இரண்டு தரம் தட்டிப் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

"உம்மோடை எனக்கு என்ன கோவம்? இருநூறு பேர் வாசிச்சிருக்கினம். என்னட்டை விளையாடினவை, நான் ஏத்தி இறக்கினவை. அதில ஒராளுக்காவது, இது பஸ்ஸா இருக்கும், சாந்தா இப்பிடிச் சொல்லமாட்டா எண்டு தோணேல்லை. இனி ஓடாது, சத்தம் மட்டும்தான் எண்டு வாசிச்ச உடனை எல்லாருக்கும் என்ரை முகம்தான் வந்திருக்கு. இதை உமக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை."

அறுபத்தெட்டுக் கட்டைவிரலையும் அவர் ஒவ்வொன்றாக, பேர் பேராகப் பார்த்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டால் தீர்கிற விசயம் என்று மூன்று கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் மன்னிக்க ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. அதைவிடப் பெரிய துக்கம் வேறு என்ன இருக்கிறது?

புதுப் பஸ்

சுற்றுப்போட்டி ஞாயிறு. வருடா வருடம் ஆறு மாதத்துக்கு முன்பே அவர் லீவு சொல்லிவைக்கிற நாள். இந்த வருடம் வேறு ஒருவரின் ஷிப்டைக் கேட்டு வாங்கியிருந்தார்.

"அப்ப நானும் போகேல்லை" என்றேன்.

"நீர் போம். நீர் கத்தாட்டில் பெடியள் ஏதோ நடந்திட்டுது எண்டு பயந்திடுவாங்கள்."

போனேன். பஸ்ஸும் புதிதுதான். குளிர்ச்சியான ஏசி, கழுவின கழிப்பறை, நாற்றமில்லாத சீற். மேடெல்லாம் சத்தமில்லாமல் ஏறியது. மலர் பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வழி முழுக்க யாரும் என்னிடம் பகிடி விடவில்லை.

வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். முதல் ஆட்டம் வென்றார்கள், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அரையிறுதி வென்றார்கள், தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். இறுதியாட்டம் ஊரிலேயே எங்களுக்கு ஜென்மப் பகையான கல்லூரியோடு. ஒன்றுக்கு ஒன்று. கடைசி நேரத்தில் எங்கள் பெடியன் ஒருவன் நாலு பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் மெல்ல ஓரத்தில் தட்டிவிட்டான். வலை அசைந்தது.

நான் கத்தினேன். ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். மலரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அந்த ஒரு நிமிடம் நேசனும் இல்லை, நிரோஷனும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. இத்தனை வருடமாகக் கேட்ட கிண்ணம். தொண்டை கிழியக் கத்திவிட்டு மூச்சு வாங்க நின்றபோதுதான், கோட்டோரத்தில் வழமையாக அவர் நிற்கிற இடத்தில் வேறு ஒருவனைப் பெடியள் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

பாலன் ஒலிவாங்கியில் நன்றி சொன்னான். கோச்சுக்கு நன்றி, உடுப்பு வாங்கித் தந்தவர்களுக்கு நன்றி, பஸ் சாரதிக்கும் நன்றி. நேசனின் பெயர் வரவில்லை. வேண்டுமென்று விடவில்லை. மறந்துவிட்டான், அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பும்போது எல்லாரும் பாட்டும் கைதட்டுமாக வந்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நித்திரைபோல இருந்தேன்.

வீட்டுக்கு வரும்போது வெயில் இன்னும் இறங்கவில்லை. அவர் ஷிப்ட் முடிந்து வந்து சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றார். நான் சப்பாத்தைக் கழற்ற முன்னமே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"வெண்டிட்டினமோ?"

பதினெட்டு வருடமும் இந்த மனுசன் சுற்றுப்போட்டி முடிந்து வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னது ஒரே சொல். தோத்திட்டம். ஒரு கோலால் தோத்திட்டம், ஐந்து கோலால் தோத்திட்டம், பெனால்டியில் தோத்திட்டம். எத்தனை கோல் வாங்கினாலும் தோற்றது நாங்கள்தான். இன்றைக்கு முதல்தரமாக வென்றிருக்கிறது. 'வெண்டிட்டமோ' என்று இல்லாமல், வென்றவர்கள் யாரோ என்பதுபோலக் கேட்கிறார். அவர் அதை வேண்டுமென்று கேட்கவில்லை. சொல் தானாக அப்படி வந்திருக்கிறது.

சப்பாத்தைக் கழற்றி அவருடையதுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஓம்" என்றேன். "வெண்டிட்டினம்."